சங்கிலி ஜெபத்துக்கு வந்தவள்

அந்தச் சங்கிலி இருபத்தேழு மணி நேரம் அறுபடாமல் நின்றது. இருபத்தெட்டாவது மணி நேரம் என்னுடையது.

இதை நான் கற்பனை செய்து எழுதவில்லை. எனக்கு அவ்வளவு கற்பனையும் கிடையாது. நுண்ணுயிரியல் படித்தவள். சேலையூரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. கண்ணால் பார்த்ததைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதிக் கொடுப்பதுதான் அங்கே என் தொழில். இங்கேயும் அதைத்தான் செய்கிறேன். நம்புவது உங்கள் விருப்பம். வீட்டில் தனியாக இருப்பவர்கள் மட்டும் இதைப் பகலில் படியுங்கள்.

2005 நவம்பர். அந்த வருட மழையைத் தாம்பரத்துக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். முடிச்சூர் சாலையில் முழங்கால் வரை தண்ணீர் நின்றது. அதில் நடந்து வேலைக்குப் போய்வந்த கிருபாவுக்குக் காய்ச்சல் வந்தது. எலிக் காய்ச்சல். ஐந்தாம் நாள் நுரையீரலில் ரத்தம் கசிந்தது. ஒரு தனியார் மருத்துவமனையின் ஐ.சி.யூ.வில் வென்டிலேட்டர் வைத்தார்கள். ஒரு வாரமாகியும் தேறவில்லை. "நாப்பத்தெட்டு மணி நேரம் போகட்டும், பாக்கலாம்" என்றார் டாக்டர். அந்தத் தொனி எனக்குத் தெரியும். மோசமான ரிப்போர்ட்டை வாங்க வருகிறவர்களிடம் நாங்களும் அப்படித்தான் பேசுவோம்.

கிருபா எனக்கு ஞாயிறு பள்ளியிலிருந்து தோழி. எனக்கிருந்த ஒரே தோழி. நான் வாயே திறக்காதவள். அவள் வாயை மூடாதவள். என் சந்தேகங்களை அவளிடம் மட்டும்தான் சொல்வேன். கடவுளுக்கு எல்லாம் முன்பே தெரியும் என்றால் நாம் ஏன் கேட்க வேண்டும்? கேட்டால்தான் தருவார் என்றால், கேட்க ஆளில்லாதவர்கள் என்ன செய்வார்கள்?

"மைக்ராஸ்கோப்ல வச்சுப் பாருடி. கெடச்சா எனக்கும் காட்டு" என்று சிரிப்பாள். பிறகு, "என்னை ஏன் கேக்குற? அவரையே கேளு" என்பாள்.

இப்போது அவளுக்காக நான் கேட்க வேண்டிய நிலை.

பாஸ்டர் லாசரஸ் நாற்பது மணி நேரச் சங்கிலி ஜெபம் அறிவித்தார். வியாழன் மாலை ஆறு மணிக்குத் தொடங்கி, சனிக்கிழமை காலை பத்து மணிக்கு முடியும். மணிக்கு ஒருவரோ இருவரோ வந்து ஜெபிக்க வேண்டும். பீடத்துக்கு முன்னால் நீளமான கோரைப்பாய் விரித்திருக்கும். வருகிறவர் அதில் முட்டி போட்டு ஜெபத்தைத் தொடங்கிய பிறகுதான், ஏற்கெனவே இருப்பவர் ஆமென் சொல்லி எழுந்து போகலாம். ஒருவரோடொருவர் பேசக் கூடாது. கண் திறந்து யார் என்று பார்க்கக் கூடாது. நடுவில் வெற்று நிமிடம் விழவே கூடாது.

"ரெண்டு நிமிஷம் விட்டுப்போனா என்ன ஆகும் பாஸ்டர்?" என்று கேட்டேன். எப்படிக் கேட்டேன் என்று எனக்கே தெரியவில்லை.

"விட்டுப்போகக் கூடாதும்மா."

"போனா?"

"சாத்தானுக்கு அந்த ரெண்டு நிமிஷம் போதும்."

பக்கத்தில் நின்ற ஞானம்மாள் ஆன்ட்டி என் தலையில் செல்லமாகத் தட்டினார். பெண்கள் ஐக்கியத்தின் தலைவி அவர். "இவ எல்லாத்தையும் கொஸ்டின் பேப்பர் மாதிரிதான் கேப்பா. நைட்டு ஒம்பதுலேர்ந்து பத்து நீயும் நானும். அதுக்கப்புறம் விடியிற வரைக்கும் ஆம்பளைங்க."

வெள்ளிக்கிழமை இரவு. கொட்டும் மழை. அப்பா ஸ்கூட்டரில் கொண்டுவந்து விட்டார். "பத்துக்கு வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எங்கள் சபை அப்போது ஒரு சின்ன ஹால். ஆஸ்பெஸ்டாஸ் கூரை. சுற்றிலும் கல் நட்ட காலி மனைகள், தண்ணீர், தவளைச் சத்தம். உள்ளே கிருபாவின் தம்பி ஜாய்சன் தனியாக முட்டி போட்டிருந்தான். உரக்க ஜெபித்துத் தொண்டை கட்டியிருந்தது. நான் அவனருகில் முட்டி போட்டேன். முக்காட்டை இழுத்துவிட்டேன். "ஆண்டவரே..." என்றேன். அவன் ஆமென் சொல்லி எழுந்து போனான். பைக் கிளம்பும் சத்தம் தேய்ந்து மறைந்தது.

ஞானம்மாள் ஆன்ட்டி வரவில்லை. அவர் தெருவில் இடுப்பளவு தண்ணீர் என்று பிறகுதான் தெரிந்தது.

தனியாக இருந்தேன்.

"ஆண்டவரே" என்பதற்கு அடுத்த வார்த்தை வரவில்லை. எங்கள் சபையில் எல்லோரும் சத்தமாக ஜெபிக்கிறவர்கள். அழுவார்கள், கதறுவார்கள். எனக்கு அது வராது. அன்று மனத்துக்குள்கூட எதுவும் வரவில்லை. கிருபாவின் ரத்தத்தில் இருப்பது ஒரு கிருமி. அதற்கு ஒரு மருந்து. மருந்து வேலை செய்யும், அல்லது செய்யாது. இதற்கு நடுவில் நான் யாரிடம், எதை மாற்றச் சொல்லிக் கேட்பது?

கண்ணை மூடிக்கொண்டு சும்மா இருந்தேன். அந்த ஹாலில் இருபத்தேழு மணி நேரத்துக்குப் பிறகு விழுந்த முதல் மௌனம் அதுதான்.

ஒன்பது இருபதுக்குக் கரண்ட் போனது. பீடத்தருகே இருந்த எமர்ஜென்சி விளக்கு தானாக எரிந்தது. மூடிய இமைக்குள் மங்கலான வெள்ளை.

அப்போதுதான் அது கேட்டது.

உஸ்ஸ்... டக்.

மின்விசிறி நின்றுவிட்ட சத்தம் என்று நினைத்தேன். இல்லை. மறுபடியும்.

உஸ்ஸ்... டக்.

பாயின் மறு ஓரத்திலிருந்து வந்தது. ஒரு மூச்சு. ஆன்ட்டி வந்துவிட்டார், நனைந்து நடுங்குகிறார் போல என்று நினைத்து நிம்மதியடைந்தேன். ஆனால் கதவு திறந்த சத்தம் கேட்கவில்லை. அந்தத் தகரக் கதவு திறந்தால் தெருவுக்கே கேட்கும்.

என் பழக்கம், எண்ணத் தொடங்கினேன். ஒரு மூச்சுக்கும் அடுத்ததற்கும் நடுவே நான்கு விநாடி. மறுபடியும் நான்கு. மறுபடியும் நான்கு. இருபது மூச்சு எண்ணினேன். ஒன்றுகூட முந்தவில்லை, பிந்தவில்லை.

மனிதர்கள் அப்படி மூச்சு விடுவதில்லை.

இமையைக் கொஞ்சம் திறந்தேன்.

வெள்ளைத் துப்பட்டாவால் முக்காடு போட்ட ஒரு பெண். ஆன்ட்டி இல்லை. ஒல்லியான உடம்பு, என் வயதுதான் இருக்கும். முட்டி போட்டு, நெற்றி பாயில் படும்படி குனிந்திருந்தாள். முகம் தெரியவில்லை. வேறு சபையிலிருந்து வந்த சகோதரியாக இருக்கலாம். சங்கிலி ஜெபத்துக்கு அப்படி வருவதுண்டு.

பிறகு அவள் பாதங்களைப் பார்த்தேன். செருப்பில்லாத பாதங்கள்.

உலர்ந்திருந்தன.

வாசலிலிருந்து பாய் வரை சிமென்ட் தரையில் ஈரக் காலடிகள் இருந்தன. என்னுடையவை. ஜாய்சன் திரும்பிப் போனவை. வேறு எதுவும் இல்லை.

அவளுடைய வலது கை பாயில் விரிந்திருந்தது. புறங்கையில் பிளாஸ்திரி. அதன் ஓரத்தில் காய்ந்த ரத்தம். தினமும் நூறு பேருக்கு ஊசி குத்துகிறவள் நான். அது நாட்கணக்கில் ஊசி செருகியே இருந்த கை.

ஸ்பிரிட் வாடை வந்தது...

கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

உஸ்ஸ்... டக்.

பிறகு அவள் பேசினாள். அவள் இருந்தது பாயின் மறு ஓரத்தில். குரல் வந்தது என் காதருகில்.

"என் பேரையும் சொல்லுங்க."

கெஞ்சும் குரல். கரகரத்து, வறண்டு, தண்ணீரே படாத தொண்டையிலிருந்து வந்தது போல. அவள் பேசியபோதும் அந்த மூச்சு நிற்கவில்லை. பேச்சுக்கு அடியில் அது தன் கணக்கில் ஓடிக்கொண்டே இருந்தது.

"என் பேரையும்... சொல்லுங்க."

உன் பெயர் என்ன? இதைத்தான் கேட்டிருக்க வேண்டும். நாக்கு வரை வந்தது. ஆனால் ஒருவரோடொருவர் பேசக் கூடாது. பேசினால் சங்கிலி அறுந்துவிடும். சங்கிலி அறுந்தால் கிருபா...

அதை நம்பாதவள் நான். அந்த நிமிடத்தில் நம்பினேன்.

வாய் திறந்தது. "கிருபா" என்றேன். "ஆண்டவரே, கிருபா. கிருபாவைக் காப்பாத்தும்."

மூச்சு தடுமாறியது. நான்கு விநாடி ஐந்தானது.

"கிருபா."

ஆறு.

நிறுத்தினேன். மறுபடியும் நான்கு.

எனக்குப் புரிந்துவிட்டது.

ஆனாலும் சொன்னேன். சொல்லிக்கொண்டே இருந்தேன்.

கிருபா.

கிருபா.

உஸ்ஸ்...

...

டக்.

தகரக் கதவு கிறீச்சிட்டது. பத்து மணி. ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஞானையா அங்கிள், குடையை மடக்கி வைத்துவிட்டு, எனக்கு மறுபக்கம் முட்டி போட்டு, "ஸ்தோத்திரம் ராஜா!" என்று ஹால் அதிரத் தொடங்கினார். நான் ஆமென் சொன்னேனா என்று நினைவில்லை. எழுந்து ஓடினேன். வெளியே அப்பா ஸ்கூட்டரோடு நின்றிருந்தார். ஜன்னல் வழியே உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கூட இருந்த பொண்ணு எப்படிப் போவா? ஆளு நனைஞ்சிடப் போறா. இறக்கி விட்டுடலாமா?" என்றார்.

"வேணாம்ப்பா. போலாம்."

"யாரது? புதுசா இருக்கே."

நான் பின்சீட்டில் ஏறிக்கொண்டேன். வண்டி திரும்பும்போது ஒரே ஒரு தடவை பார்த்தேன். எமர்ஜென்சி விளக்கின் வெளிச்சத்தில் இரண்டு தலைகள். ஒன்று கைகளை உயர்த்தி அசைந்துகொண்டிருந்தது. மற்றது அசையவே இல்லை.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குச் சங்கிலி முடிந்தது. கடைசி மணி நேரத்தில் சபையே கூடியிருந்ததாம். நான் போகவில்லை. போர்வைக்குள் கிடந்தேன். பத்தேகாலுக்கு ஜாய்சன் போன் செய்தான். அழுதுகொண்டே சிரித்தான்.

"அக்கா கண்ணத் தொறந்துட்டா! டாக்டருக்கே நம்ப முடியல. மிஷின கொறச்சுட்டாங்க. நீ இன்னும் தூங்கிட்டிருக்கியா? வா, சர்ச்சுல டீ குடுக்கறாங்க!"

போனேன். எல்லோரும் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார்கள். கண்ணாடி டம்ளரில் டீ வந்தது. அப்போது ஞானம்மாள் ஆன்ட்டி கேட்டார்.

"அந்த வெள்ளத் துப்பட்டா பொண்ணு யாரு? விடிகாலையில நாலு மணிக்கே தண்ணி வடிஞ்சிடுச்சுன்னு வந்தேன். அப்பவே அங்க இருந்தா. நமக்கெல்லாம் அரை மணி நேரத்துல முட்டி கெஞ்சுது. அவ அசையவே இல்ல."

"நான் பத்து மணிக்கு வந்தப்பவே இருந்தாளே. உங்களுக்குப் பதிலா நீங்க அனுப்பின பொண்ணு இல்லியா?" என்றார் ஞானையா அங்கிள்.

"நானா? எனக்கு முன்னாடி இருந்தவங்க வீட்டுப் பொண்ணுன்னுல்ல நெனச்சேன்."

ஒவ்வொருவராக யோசித்தார்கள். பத்து மணிக்கு வந்தவர் பார்த்திருந்தார். பதினொன்றுக்கு வந்தவர்கள், ஒரு மணிக்கு வந்தவர்கள், மூன்றுக்கு வந்தவர்கள் எல்லோரும் பார்த்திருந்தார்கள். முந்தைய ஆள் ஆர்வத்தில் இன்னும் எழாமல் இருக்கிறார் என்று ஒவ்வொருவரும் நினைத்திருந்தார்கள். யாரும் கேட்கவில்லை. கேட்கக் கூடாதே. காலையில் கடைசி ஆமென் சொல்லி எழுந்தபோது பாயின் அந்த ஓரம் காலியாக இருந்தது.

"ஏதாவது பேசினாளா?" என்றேன்.

"நாங்க போட்ட சத்தத்துல எங்கேம்மா கேக்கும்?" என்றார் ஆன்ட்டி.

பாஸ்டர் லாசரஸின் கண்கள் கலங்கின. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு இரு கைகளையும் உயர்த்தினார். "பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல, சபையே. தேவன் நம்ம கூட ஜெபிக்கத் தம்முடைய தூதனை அனுப்பியிருக்கிறார்!"

அல்லேலூயா என்ற சத்தத்தில் கூரை அதிர்ந்தது.

புறங்கையில் பிளாஸ்திரி ஒட்டிய தூதனா? நான் டீயைக் குடித்தேன். அது ஆறியிருந்தது.

திங்கள்கிழமை கிருபாவைப் பார்க்க என்னை ஐ.சி.யூ.வுக்குள் விட்டார்கள். அங்கே போவது அதுதான் முதல் தடவை. கதவைத் திறந்ததும் கால்கள் நின்றுவிட்டன.

உஸ்ஸ்... டக். உஸ்ஸ்... டக்.

கடைசிக் கட்டிலில் ஒரு பெரியவருக்கு வைத்திருந்த இயந்திரம். நான்கு விநாடிக்கு ஒரு தடவை.

கிருபாவுக்குக் குழாயை எடுத்திருந்தார்கள். குரலே இல்லை. இருந்தும் பேசினாள். "என்னடி... பேயப் பாத்த மாதிரி நிக்கற? அவ்ளோ கேவலமாவா இருக்கேன்?"

சிரிக்க முயன்றேன். அவள் பக்கத்துக் கட்டிலைக் காட்டினாள். மெத்தையை டெட்டாலால் துடைத்துக்கொண்டிருந்தார்கள். "அந்தப் பொண்ணு வீட்டுக்குப் போய்ட்டாளாம். அம்மா சொன்னாங்க. அவளுக்கும் எலிக் காய்ச்சல்தான். அதே மருந்து."

வெளியே வந்தேன். தாழ்வாரத்தில் கிருபாவின் அம்மா ரத்தினபாய் இன்னொரு அம்மாவின் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். "இவங்க அஜீசா. படப்பைல கடை வச்சிருக்காங்க. ஒம்பது நாளா ஒரே பெஞ்சுல உக்காந்திருந்தோம்" என்றார். பிறகு என் காதில், "கிருபாகிட்ட மட்டும் சொல்லிடாதடி. தாங்கமாட்டா" என்றார்.

அஜீசா அம்மா மகளின் பழைய ரிப்போர்ட்டுகளை வாங்கிப் போக வந்திருந்தார். அழுது தீர்ந்த முகம். என்னைப் பார்த்து, "நீங்களும் கிருபாவுக்காக ஓதப் போன பிள்ளையா?" என்று கேட்டார். தலையசைத்தேன்.

"வெள்ளிக்கிழம ராத்திரி ஒம்பது மணி இருக்கும். அவள ஒரு நிமிஷம் பாக்க விட்டாங்க. காதுல சொன்னேன். பக்கத்துப் பொண்ணுக்கு எவ்ளோ பேரு பேரச் சொல்லிக் கேக்கறாங்க பாரு, உனக்கு நானும் உங்க அத்தாவும் மட்டும்தான் கண்ணு, சொந்தமெல்லாம் மழையில வர முடியலன்னு. சொல்லியிருக்கக் கூடாது. ஏங்கிப் போயிருப்பா."

நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ஒரு விஷயம் மட்டும் வெளங்கவே இல்லம்மா. நீங்க லேப்ல வேல பாக்கறவங்களாமே. உங்களுக்குத் தெரியுமா?" குரலைத் தாழ்த்தினார். "பிள்ளையோட மையத்தக் குளிப்பாட்டி அடக்கம் பண்றதுக்கு முன்னாடி பாத்தேன். ரெண்டு முட்டியும் தோலுரிஞ்சு செவந்து கெடந்துது. நெத்தியிலயும். கோரப்பாய் அச்சு. ஒம்பது நாளா மல்லாந்து படுத்த பிள்ள. கீழ ரெக்சின் மெத்த. பாய் எங்கேர்ந்தும்மா வந்துது?"

நான் இரண்டே கேள்விகள் கேட்டேன். இரண்டுக்கும் பதில் சொன்னார். முதல் பதிலை நர்ஸிடமும் கேட்டுச் சரிபார்த்துக்கொண்டேன். ஒரு நிமிடம்கூட வித்தியாசம் இல்லை.

பரிசோதனைக்கூடத்தில் எப்போதும் இரண்டு தட்டுகள் வைப்போம். இரண்டிலும் அதே கிருமி. ஒன்றில் மருந்து போடுவோம். மற்றதைச் சும்மா விட்டுவிடுவோம். மருந்துதான் வேலை செய்தது என்று அந்த இரண்டாவது தட்டை வைத்துத்தான் சொல்ல முடியும். அன்றிலிருந்து என்னால் அந்த இரண்டாவது தட்டைத் தொட முடியவில்லை. அந்த அம்மாவும்தான் ஒன்பது நாள் கேட்டார். அதே கடவுளிடம்தானே?

மூன்று வாரம் கழித்து கிருபாவுக்காக ஸ்தோத்திர ஆராதனை. ஹால் முழுக்கக் கூட்டம். பின்பக்கம் பிரியாணி வெந்துகொண்டிருந்தது. கிருபா முன்வரிசையில், எலும்பும் தோலுமாக, ஆனால் கண் நிறைய சிரிப்போடு உட்கார்ந்திருந்தாள். பாஸ்டர் தூதன் வந்த கதையைச் சொன்னார். பக்கத்துச் சபைகளுக்கும் அது பரவியிருந்தது. அதைக் கேட்கவே சிலர் குன்றத்தூரிலிருந்து வந்திருந்தார்கள்.

"தூதனை முதல்ல பார்த்த கண்ணு யாரோடது தெரியுமா? நம்ம ஜென்சி! வாம்மா. வந்து சாட்சி சொல்லு."

அந்த ஹாலில் நான் ஒரு தடவைகூட மைக்கைத் தொட்டதில்லை. எழுந்து போனேன். மைக் கீச்சிட்டது. எல்லோரும் சிரித்தார்கள். கிருபா இரு கைகளாலும் 'பேசுடி' என்று சைகை காட்டினாள்.

ரத்தினபாய் ஆன்ட்டி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மெல்லத் தலையை ஆட்டினார். வேண்டாம் என்று.

ஆமாம், தூதன்தான் என்று சொல்லிவிட்டு இறங்கியிருக்கலாம். கிருபா வீட்டுக்குப் போயிருப்பாள், சந்தோஷமாக. யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லை.

ஒருத்தியைத் தவிர.

"அது தூதன் இல்ல பாஸ்டர்" என்றேன். "கிருபாவுக்குப் பக்கத்து பெட்ல இருந்த பொண்ணு. அப்ப அவ உயிரோடதான் இருந்தா. சனிக்கிழம காலையில பத்து மணிக்குத்தான் எறந்தா. நாம கடைசி ஆமென் சொன்னோமே, அப்ப. தன் பேரையும் சொல்லச் சொல்லி ராத்திரி முழுக்க நம்மகிட்ட கேட்டுக்கிட்டே இருந்தா."

மைக்கை வாய்க்கு இன்னும் நெருக்கிப் பிடித்தேன்.

"அவ பேரு அனம்."